வீடியோவிலிருந்து குரலைச் சேதமில்லாமல் எடுப்பது

திருகோணமலையில் ஒரு செத்தவீடு முடிந்து சில நாள் போனதும் பல வீடுகளில் ஒரே தேடல் தொடங்கும். அப்பாவின் குரல் எங்கேயாவது இருக்கிறதா? படங்கள் நிறைய இருக்கும். குரலை மட்டும் தனியாகப் பதிந்து வைத்தவர்கள் மிகக் குறைவு. கடைசியில் அது கிடைக்கிற இடம் ஏதாவது ஒரு வீடியோவாகத்தான் இருக்கும். மகளின் கலியாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் நின்று பாடிய தேவாரம், பேரப்பிள்ளையின் பிறந்தநாளில் கமராவைப் பார்த்துச் சொன்ன இரண்டு வார்த்தை, கோணேசர் கோயில் தேரன்று யாரோ போனில் பிடித்த துண்டு, இப்படி. முப்பத்தோராம் நாளுக்கு முன்னர் அந்தக் குரலை மட்டும் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டு வருவார்கள்.

பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இணையத்தில் தேடி, முதலில் வருகிற தளத்தில் முழு வீடியோவையும் ஏற்றி, அது திருப்பித் தருகிற எம்பி3 கோப்பை வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும். குரல் கேட்கும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் வீடியோவுக்குள் இருந்த ஒலி அப்படியே வெளியே வந்திருக்காது. அதைக் கரைத்து இன்னொன்றாகச் செய்து கொடுத்திருப்பார்கள், செய்யும்போது கொஞ்சம் இழந்திருப்பார்கள். வீட்டுக் கணினியில், இணையமே இல்லாமல், சில நொடியில், ஒரு துளி இழக்காமல் எடுக்கமுடியும் என்பது பலருக்குத் தெரியாது. அது ஏன் முடிகிறது என்று புரிந்துகொண்டால் எந்த மென்பொருளிலும் வழி கண்டுபிடித்துவிடலாம். அதனால் முதலில் கோப்பின் உள்ளே பார்ப்போம்.

கோப்பு என்பது ஒரு பெட்டி

எம்பி4 என்பது ஒலியைச் சுருக்கும் முறையின் பெயரும் இல்லை, படத்தைச் சுருக்கும் முறையின் பெயரும் இல்லை. அது ஒரு பெட்டி. உள்ளே படத்துக்கு ஒரு தடம், ஒலிக்கு ஒரு தடம் என்று தனித்தனியாக இருக்கின்றன. வசனவரி இருந்தால் அதற்கும் ஒரு தடம். எந்தக் கணத்தில் எந்தப் படத்தோடு எந்த ஒலி போகவேண்டும் என்ற நேரக் குறிப்புகளைப் பெட்டி வைத்திருக்கும். எம்ஓவி, எம்கேவி, வெப்எம், 3ஜிபி, மைக்ரோசொஃப்ட் 1992இல் கொண்டுவந்த ஏவிஐ எல்லாமே இந்த வகைதான். படமும் ஒலியும் ஒன்றோடொன்று கரைந்து கிடப்பதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். ஒலித்தடம் முழுதாக, தன் வடிவத்தில், உள்ளேயே இருக்கிறது.

அந்த ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. அந்த முறையைத்தான் கோடெக் என்கிறார்கள். இன்றைய போனில் எடுத்த எம்பி4க்குள் பெரும்பாலும் ஏஏசி என்ற முறை இருக்கும். வெப்எம் பெட்டிக்குள் வோர்பிஸ் அல்லது 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் இருக்கும். பெட்டியின் பெயரைப் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கலாம், நிச்சயமாகச் சொல்லமுடியாது.

நிச்சயமாகத் தெரிய, வீடியோவை விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, கண்ட்ரோல் விசையோடு ஜே எழுத்தை அழுத்துங்கள். ஒரு சிறு சாளரம் திறக்கும். ஒலித்தடத்தின் கோடெக், ஒற்றை ஒலியா ஸ்டீரியோவா, ஒலியை நொடிக்கு எத்தனை தடவை அளந்து பதிந்தது (அந்த அளவுகளைத்தான் மாதிரி என்கிறார்கள்) என்பது எல்லாம் அதில் இருக்கும். ஒலிக்கு நொடிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்ற பிட் வீதத்தையும் சேர்த்து ஒரே பக்கத்தில் பார்க்க விரும்பினால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னரும் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழியுங்கள். பின்னால் எடுக்கவேண்டிய முடிவு எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோப்பின் பெயரில் எம்பி4 என்ற கடைசி எழுத்துகளை அழித்து எம்பி3 என்று எழுதினால் ஒலி பிரிந்துவிடாது. விஎல்சி போன்ற பிளேயர்கள் பெயரை நம்பாமல் உள்ளே பார்த்து ஓட்டுவதால் வேலை முடிந்தது போலத் தெரியும். படம் முழுவதும் உள்ளேயே இருக்கும், அளவும் குறையாது, ஓட்டோவில் இருக்கும் யூஎஸ்பி பிளேயரில் போட்டால் பாடவும் பாடாது.

எந்தக் காலத்து வீடியோவில் எப்படிப்பட்ட ஒலி

நம்முடைய வீடுகளில் இருக்கும் வீடியோக்கள் ஒரே காலத்தவை இல்லை. ஒவ்வொரு காலத்துக் கருவியும் ஒலியை ஒவ்வொரு விதமாக நடத்தியிருக்கிறது.

எண்பதுகள், தொண்ணூறுகளின் விஎச்எஸ் கசெட் முதலாவது. வீடுகளில் இருந்த சாதாரணக் கருவிகள் ஒலியை நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாகப் பதிந்தன. இங்கே புழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அந்த நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகரும். பாட்டுக் கேட்கும் ஓடியோ கசெட்டோ 4.76 சென்டிமீட்டர் நகரும். பாதி வேகத்தில் ஊர்ந்த நாடாவில் பதிந்த குரல் மங்கலாக, மேல் ஸ்தாயி இல்லாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். இந்தக் கசெட் இன்னும் கையில் இருந்தால், பூஞ்சணம் பிடிக்காமல் இருந்தால், பழைய சீடிப் பிரதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதை விடக் கசெட்டை ஒழுங்காக மறுபடி கணினிக்கு ஏற்றுவது மேல். கடலோர ஊரின் ஈரக்காற்றில் நாடா அதிக காலம் தாங்காது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அலையோடு போனவையும் இடப்பெயர்வுகளில் விடுபட்டவையும் எத்தனையோ. வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது இங்கே வெறும் ஒப்புக்குச் சொல்லும் யோசனை இல்லை.

அடுத்தது வீடியோ சீடி. 1993இல் வந்த தரம் அது. படம் 352க்கு 288 புள்ளி, இன்றைக்குப் பெரிய திரையில் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆனால் ஒலிக்கு நொடிக்கு 224 கிலோபிட் ஒதுக்கியிருந்தார்கள், 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரி. முறை எம்பி2, எம்பி3க்கு முந்தியது. பேச்சுக்கும் பாட்டுக்கும் அது தாராளம். படம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்தத் தட்டில் ஒலி நன்றாகவே தப்பியிருக்கும். தட்டைக் கணினியில் போட்டு எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைத் திறந்தால் டேட் என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். வீடியோ அதுதான். முதலில் அதைக் கணினிக்குக் கொப்பி பண்ணுங்கள். கீறல் விழுந்த தட்டு நடுவில் நின்றுவிட்டால், துடைத்து, வேறு டிரைவில் போட்டு மறுபடி பாருங்கள். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொன்று படிப்பது சாதாரணம்.

டிவிடியில் வீடியோ விஓபி என்று முடியும் பல துண்டுகளாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கிகாபைட் அளவில் இருக்கும். துண்டு துண்டாக ஒலியை எடுத்துப் பின்னர் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் இடறும். துண்டுகளை முதலில் வரிசையாக இணைத்துவிட்டு ஒரே தடவையில் எடுக்கவேண்டும். ஒலி பெரும்பாலும் டொல்பி ஏசி3.

டிவிடிக் காலத்துக் கலியாண வீடியோக்களில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. எடிட் பண்ணும்போது தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடமெல்லாம் சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். மாமா வாழ்த்துவது வாயசைவாகத் தெரியும், குரல் வராது. சில இடங்களில் பாட்டுக்கு அடியில் குரல் மெல்லக் கேட்கும். பல இடங்களில் அடியோடு நீக்கியிருப்பார்கள். நீக்கியதை எந்த மென்பொருளாலும் கொண்டுவரமுடியாது. அடியில் கேட்குமானால் முயற்சி செய்யலாம். 2019இல் டீசர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற மென்பொருள்கள் குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தருகின்றன. வாத்திய இசை மட்டும் பின்னால் ஓடினால் நல்ல பலன் கிடைக்கும். பாடகர் பாடும் பாட்டென்றால் மாமாவின் குரலும் பாடகரின் குரலும் ஒன்றாகவே வந்து நிற்கும், ஏனென்றால் இரண்டும் குரல்தான்.

அப்படியான நேரத்தில் வீடியோ எடுத்தவரிடம் போய், எடிட் பண்ணாத மூலப்பதிவு இருக்கிறதா என்று கேட்பதுதான் சரியான வழி. அவர் அப்போது மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கசெட்டில் எடுத்திருந்தால் பெரும் புதையல். அந்தக் கசெட்டில் ஒலி சுருக்கப்படாமலே பதியும், 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். சில கமராக்களில் 32 கிலோஹெர்ட்ஸ், 12 பிட் என்று வைத்திருப்பார்கள், அதுவும் பேச்சுக்கு நல்லது. கணினிக்கு ஏற்ற ஃபயர்வயர் இணைப்பு வேண்டும், அது இன்றைய மடிக்கணினிகளில் இல்லை, தேடிப்பிடிக்கவேண்டும். கசெட்டை அழித்துத் திரும்பத் திரும்பப் பாவிப்பது வழக்கம் என்பதால் கிடைப்பது அருமை. இருந்தாலும் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்குச் செலவு இல்லை.

அப்புறம் பட்டன் போன் காலம். 3ஜிபி கோப்புகள். பலவற்றில் ஒலி ஏஎம்ஆர் என்ற முறையில் இருக்கும். அது தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. நொடிக்கு 8000 மாதிரி, அதிகபட்சம் 12.2 கிலோபிட். 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் பதிவாகியே இருக்காது. ஸ, ஷ போன்ற ஒலிகள் மழுங்கிக் கேட்பது அதனால்தான். இதை 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் கோப்பு பெருக்கும், இல்லாத ஒலி வந்து சேராது. "உயர்தரம்" என்று எழுதியிருக்கும் பொத்தானைப் பார்த்து ஏமாறவேண்டாம்.

இன்றைய போன் வீடியோக்கள் நல்லவை. கவனிக்கவேண்டியது ஒன்றுதான்: வட்ஸ்அப்பில் வீடியோவாக வந்தது மூலப்பதிவு ஆகாது. அனுப்பும்போதே அது சுருக்கப்பட்டுவிடும். எடுத்தவரிடம் சொல்லி டொக்கியுமன்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும், 2 கிகாபைட் வரை போகும். இல்லாவிட்டால் போனை வயரில் கணினியோடு இணைத்து எடுங்கள்.

எடுப்பது ஒன்று, மறுபடி சுருக்குவது இன்னொன்று

ஏஏசி, எம்பி3, எம்பி2, ஏசி3, ஓபஸ் எல்லாமே காது கவனிக்காது என்று கணக்குப் போட்டுச் சில பகுதிகளைத் தள்ளிவிடும் முறைகள். பெரிய ஓசைக்குப் பக்கத்தில் வரும் சின்ன ஓசை, மிக உயர்ந்த அலைவரிசைகள் போன்றவை போய்விடும். போனது போனதுதான். ஏஏசியில் இருக்கும் ஒலியை எம்பி3 ஆக்கும்போது, முதலில் அதை விரித்து, பிறகு வேறு கணக்கில் இன்னொரு தடவை தள்ளவேண்டும். ஏற்கெனவே மங்கிய ஒரு போட்டோக்கொப்பியை வைத்து இன்னொரு போட்டோக்கொப்பி அடிப்பது போலத்தான். ஒரு தடவை செய்தால் பலருக்கு வித்தியாசம் தெரியாது. ஒருவர் எடுத்து அனுப்ப, மற்றவர் வெட்டி அனுப்ப, மூன்றாமவர் சத்தம் கூட்டி அனுப்ப, நாலாவது கையில் குரலில் தண்ணீர் ஓடுவது போல ஒரு சலசலப்பு ஏறியிருக்கும்.

பேச்சு கொஞ்சம் தாங்கும், நாதஸ்வரமும் தவிலும் தாங்காது. தவில் அடி திடீரென்று வெடிக்கும் ஓசை. எம்பி3 ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக எடுத்துச் சுருக்குவதால், ஒரு துண்டின் நடுவில் அடி விழும்போது அதன் பிழை துண்டு முழுவதும் பரவும். அடி விழுவதற்குச் சற்று முன்னரே ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். குறைந்த பிட் வீதத்தில் கோயில் திருவிழாப் பதிவு ஒன்றை எம்பி3 ஆக்கி, நல்ல ஹெட்போனில் தனித்தவில் வரும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள். அடியின் கூர்மை போய், ஒவ்வொன்றும் துணியைப் போர்த்திக்கொண்டு விழும். தாளத்தின் கிண் என்ற ஓசை மணல் தேய்ப்பது போல ஆகிவிடும்.

ஒலித்தடத்தை விரிக்காமல், சுருக்காமல், ஒரு பெட்டியிலிருந்து தூக்கி இன்னொரு பெட்டியில் வைத்தால் இந்த இழப்பு எதுவும் இல்லை. பிட்டுக்குப் பிட் அதே ஒலி. கணினி கணக்குப் போடவேண்டிய வேலையும் இல்லை, படித்து எழுதவேண்டியது மட்டும்தான். அதனால் ஒரு மணி நேர வீடியோவிலிருந்து சில நொடிகளில் எடுத்துவிடலாம், பத்து வருடப் பழைய கணினியிலும். சரியாகத்தான் செய்தோமா என்று பார்க்க இதுவே ஒரு அடையாளம். நிமிடக்கணக்கில் ஓடினால் அது எங்கேயோ மறுபடி சுருக்கிக்கொண்டிருக்கிறது.

கருவிகள்

இந்த வேலைக்கு அடிப்படை எஃப்எஃப்எம்பெக். ஃபப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000இல் தொடங்கியது, இலவசம், திறந்த மூலம். வேறு பெயர்களில் காசுக்கு விற்கப்படும் பல "கன்வேர்ட்டர்"களின் உள்ளே ஓடுவதும் இதுவே. பொத்தான்கள் கிடையாது, கறுப்புச் சாளரத்தில் ஒரு வரி எழுதவேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. அந்த வரியில் நான்கு விஷயம்தான்: உள்ளே வரும் கோப்பின் பெயர், படம் வேண்டாம் என்று சொல்லும் விஎன் என்ற குறி, ஒலியின் கோடெக்குக்கு நேரே "கொப்பி" என்ற கட்டளை, வெளியே போகும் கோப்பின் பெயர். அந்த "கொப்பி" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் எஃப்எஃப்எம்பெக் தன்பாட்டில் மறுபடி சுருக்கத் தொடங்கிவிடும்.

வெளியே போகும் பெட்டி ஒலிக்குப் பொருந்தவேண்டும். ஏஏசி என்றால் எம்4ஏ. எம்பி2, ஏசி3 இரண்டுக்கும் அந்தந்தப் பெயர். சுருக்காத ஒலிக்கு டபிள்யூஏவி. ஓபஸுக்கு ஓபஸ் அல்லது ஓஜிஜி. எது என்று குழப்பமாக இருந்தால் எம்கேஏ என்று கொடுங்கள், அந்தப் பெட்டி ஏறத்தாழ எதையும் ஏற்கும். ஏஏசி ஒலியைக் கொப்பி பண்ணச் சொல்லிவிட்டு வெளியே எம்பி3 என்று பெயர் கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடும். நிற்பது நல்லதுதான்.

கறுப்புச் சாளரம் வேண்டாம் என்பவர்களுக்கு அவிடெமக்ஸ். கோப்பைத் திறந்து, இடப்பக்கத்தில் ஓடியோவுக்குக் கொப்பி என்று இருப்பதை உறுதிசெய்து, ஓடியோ மெனுவில் சேவ் ஓடியோ கொடுத்தால் போதும். லொஸ்லெஸ்கட் இன்னும் இலகு. அதில் தேவையான பகுதியை மட்டும் குறித்து வெட்டியும் எடுக்கலாம். வெட்டுவதற்குக்கூட மறுபடி சுருக்கத் தேவையில்லை. ஏஏசி ஒலி 1024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக அடுக்கியிருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு துண்டு ஏறத்தாழ நொடியின் ஐம்பதில் ஒரு பங்குதான். துண்டின் எல்லையில் வெட்டினால் இரண்டு மணி நேர வீடியோவிலிருந்து அந்த மூன்று நிமிடத் தேவாரத்தை மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் எடுக்கலாம்.

விஎல்சியிலும் மீடியா மெனுவில் கன்வர்ட் என்று இருக்கிறது. ஓடியோ எம்பி3 என்ற அமைப்பைத் தெரிந்தால் அது மறுபடி சுருக்கியே தரும். அமைப்பைத் திருத்தி, மூல ஒலித்தடத்தை அப்படியே வைத்திருக்கச் சொல்லவும் முடியும், ஆனால் அந்த வேலைக்கு அவிடெமக்ஸும் லொஸ்லெஸ்கட்டும் நம்பகமானவை. ஓடாசிட்டியைப் பலர் இதற்குப் பாவிக்கிறார்கள். அது அருமையான மென்பொருள், ஆனால் எடுக்கும் கருவி இல்லை. திறக்கும்போதே ஒலியை விரித்துவிடும். சேமிக்கும்போது புதிதாகச் சுருக்கும். விண்டோஸ் கணினியில் எம்பி4 திறக்க எஃப்எஃப்எம்பெக் நூலகத்தைத் தனியாகப் போடவும் வேண்டும். அதன் இடம் அடுத்த கட்டத்தில்.

இணையத் தளங்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு கிகாபைட் வீடியோவை ஏற்ற டேட்டா போகிறது என்பது ஒரு பக்கம். முகம் தெரியாத ஒருவருடைய கணினியில் உங்கள் வீட்டுப் பெண்கள், பிள்ளைகள் இருக்கும் வீடியோவைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பது மறுபக்கம். சில நொடியில் வீட்டிலேயே முடிகிற வேலைக்கு அது தேவையே இல்லை.

சுத்தம் செய்வது

எடுத்த கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் ஒரு பிரதியில்தான் இந்த வேலை எல்லாம். ஓடாசிட்டி இங்கே உதவும்.

ஒரு பக்கக் காதில் மட்டும் கேட்கிறது என்பது அடிக்கடி வரும் முறைப்பாடு. கமராவின் ஒரு பக்கத்தில் மட்டும் மைக் இணைத்திருந்தால் அப்படித்தான் பதியும். ஸ்டீரியோத் தடத்தை இரண்டு ஒற்றைத் தடமாகப் பிரித்து வெறுமையானதை அழித்துவிட்டால் இரண்டு காதிலும் கேட்கும். இரண்டையும் கலந்து ஒன்றாக்கவேண்டாம், வெறும் பக்கத்தின் இரைச்சலும் சேர்ந்துவிடும்.

மண்டபத்துப் பதிவுகளில் அடியில் ஒரு "ம்ம்" ஓடிக்கொண்டிருக்கும். இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த ஓசை 50, 100, 150 என்ற இடங்களில் உட்கார்ந்திருக்கும். நொட்ச் ஃபில்டரால் அந்தப் புள்ளிகளை மட்டும் குறைக்கலாம். ஃபேன், ஜெனரேட்டர் போன்ற ஒரே சீரான ஓசைக்கு, யாரும் பேசாத ஒரு இடத்தைத் தெரிந்து அதை மாதிரியாகக் கொடுத்து, நொய்ஸ் ரிடக்ஷன் ஓட்டலாம். 6 முதல் 12 டெசிபெலுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரலே வேறாகிவிடும்.

கடற்காற்று வேறு மாதிரி. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் எடுத்தது, கோணேசர் மலை உச்சியில் எடுத்தது எல்லாவற்றிலும் காற்று மைக்கில் மோதி டப டப என்று அடிக்கும். அதில் பெரும்பகுதி தாழ்ந்த அலைவரிசை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டினால் ஆண் குரலுக்குப் பாதிப்பில்லாமல் நிறையக் குறையும். பெண் குரலுக்கு 120 வரை போகலாம். அலையின் இரைச்சலை மட்டும் எடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். அது எல்லா அலைவரிசையிலும் பரவி, நொடிக்கு நொடி மாறுவது. பலவந்தமாக எடுத்தால் குரல் கிணற்றுக்குள் இருந்து வரும். விட்டுவிடுங்கள், அது நம்முடைய கடல்தானே. மேளமோ ஒலிபெருக்கியோ மைக்கின் எல்லையைத் தாண்டி அடித்த இடங்களும் அப்படித்தான், உச்சி வெட்டுப்பட்ட ஒலியை ஓரளவுக்கு மேல் திருத்தமுடியாது.

சுத்தம் செய்ததை ஃபிளாக் என்ற முறையில் சேமியுங்கள். அது ஒன்றும் இழக்காமல் சுருக்குவது.

எம்பி3 எப்போது

எம்பி3 வேண்டாம் என்று சொல்லவரவில்லை. கோயில் அம்ப்ளிஃபயரில் பென் டிரைவ் குத்திப் போடவும், ஓட்டோவில் போடவும், வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுத்த சின்னப் பெட்டி ரேடியோவில் போடவும் எம்பி3தான் எங்கும் ஓடும். அதன் காப்புரிமைகளும் 2017இல் முடிந்துவிட்டன. பகிரும் பிரதியாக அதைச் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் எடுத்துவைத்த மூலத்திலிருந்து அல்லது ஃபிளாக்கிலிருந்து செய்யுங்கள். ஒருவருக்கு அனுப்பிய எம்பி3ஐ எடுத்து மறுபடி வெட்டி ஒட்டாதீர்கள்.

பேச்சென்றால் ஒற்றை ஒலியில் 64 கிலோபிட் போதும், ஒரு மணி நேரம் 29 மெகாபைட்டுக்குள் வரும். நாதஸ்வரக் கச்சேரிக்கு 192க்குக் கீழே போகவேண்டாம். அது மணிக்கு ஏறத்தாழ 86 மெகாபைட். ஒப்பிட, 48 கிலோஹெர்ட்ஸில் சுருக்காத ஸ்டீரியோ ஒலி மணிக்கு 691 மெகாபைட் பிடிக்கும். விடிய விடிய நடந்த கூத்தை டபிள்யூஏவியில் ஒரே கோப்பாக எடுக்க முயன்றால் 4 கிகாபைட் எல்லையில், அதாவது ஆறு மணி நேரம் சொச்சத்தில், சிக்கல் வரும். இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது நம்முடைய வீட்டு வீடியோக்களைப் பற்றி. படப்பாட்டு, மற்றவருடைய கச்சேரி, யூடியூபில் இருப்பவை எல்லாம் உரிமை உள்ளவருடையவை. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடியவர், வாசித்தவருடைய உரிமையையும் காக்கிறது. ஊர்க் கலைஞர் ஒருவருடைய பழைய பதிவு கையில் இருந்தால் அவரிடமோ அவர் குடும்பத்திடமோ கேட்டுவிட்டுப் பகிருங்கள். பொதுவில் வைக்க விருப்பம் என்றால், 2005 முதல் ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஏற்கிறது.

கடைசியாக, எடுத்த உடனே செய்யவேண்டிய ஒரு வேலை. வீடியோவில் முகம் இருந்தது, யார் பேசுகிறார் என்று கேட்கத் தேவையில்லை. ஒலியைப் பிரித்ததும் அந்தத் துணை போய்விடும். "ஓடியோ 1", "நியூ ஓடியோ 2" என்று வைத்தால் பத்து வருடத்தில் பெரியப்பாவா சித்தப்பாவா என்று வீட்டுக்குள்ளேயே வாதம் வரும். அடையாளம் தெரிந்தவர்கள் இருக்கும்போதே ஒரு தடவை கூட இருந்து கேட்டு, ஆண்டு, இடம், நிகழ்ச்சி, குரலுக்குரியவர் பெயர், அவர் உறவுமுறை எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: "2009 மூதூர் அக்கா கலியாணம் பெரியப்பா தேவாரம்" என்பது போல. பின்னால் கேட்கும் மற்றக் குரல்கள் யாருடையவை, எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன என்று ஒரு சிறு எழுத்துக் கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். கணினியில் தமிழ்ப் பெயர் பிரச்சினை இல்லாமல் இருக்கும். பழைய யூஎஸ்பி பிளேயர்களில் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அந்த எம்பி3 பிரதிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் கொடுத்துவிடலாம். வீடியோவையும் தட்டையும் வீசவேண்டாம், ஒலிக்கோப்பின் ஒரு பிரதியை வேறு வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.